இரண்டு சீசன் தாங்கும் பலகை

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் குட்டியும் நலம்தானே? போனில் பேசினால் முதலில் நீ கத்துகிறாய், பிறகு நான் கத்துகிறேன், கட்டிலில் இருந்தபடி அம்மா இருவரையும் சேர்த்துத் திட்டுகிறாள். வீட்டு வேலை முடிகிறவரை எல்லாவற்றையும் எழுத்திலேயே வைத்துக்கொள்வோம் என்று நாம் முடிவு செய்தது நல்லது. எழுதும்போதாவது ஒருவர் சொல்வதை மற்றவர் முடிக்க விடுவோம்.

மழை ஒருவழியாக விட்டது. அம்மா அறை அலமாரிக் கதவு ஊதிப்போய், சட்டத்துக்குள் உட்காரமாட்டேன் என்கிறது. உள்ளே துணிகளில் சாம்பல் பூத்திருக்கிறது. பின்பலகையை விரலால் அழுத்தினால் டீயில் ஊறிய பிஸ்கட் மாதிரி உள்ளே போகிறது. அம்மாவுக்கு விடாத இருமல். டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "ரூம்ல ஈரம் இருக்காம்மா? முதல்ல அந்தப் பூசணத்தை வெளியே அனுப்புங்க. அது உள்ள இருக்கிறவரைக்கும் என் மருந்து வேலை செய்யாது" என்றார்.

ஊர் ஊராகப் போய் மற்றவர் வீட்டு உள்வேலையெல்லாம் செய்கிறவன் நீ. நம் வீட்டை நானே செய்து தருகிறேன் என்று நீ சொன்னதும் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு அவளுக்கு முழுசாக வரும் வாக்கியங்கள் குறைவு. அதில் ஒன்றை உனக்காகச் செலவு செய்தாள்: "என் புள்ள செய்வான்."

வரைபடம் போடும்போது இரண்டை மறக்காதே. ஒன்று, முன்னறையில் என் பிசியோதெரபி மேசை. நோயாளிகள் தெருவிலிருந்து நேராக அதற்கு வரவேண்டும். மற்றது, நடையில் அம்மா பிடித்து நடக்கும் கைப்பிடிக் கம்பி. துருப்பிடித்து அவள் உள்ளங்கையைக் கீறுகிறது. இந்த உப்புக் காற்றைத் தாங்குகிற கம்பியாகப் பார்.

குட்டிக்கு என் முத்தம்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் சௌக்கியம் அறிந்து மகிழ்ச்சி. அம்மாவுக்கு வெந்நீர் கொடு.

வரைபடம் இத்துடன் இருக்கிறது. பார்த்ததும் அசந்துபோவாய். அலமாரி, கட்டில் எல்லாம் மரத்தூளை அழுத்திச் செய்கிற பார்ட்டிகிள் போர்டு, மேலே வெள்ளை மைக்கா. எல்லா அறைக்கும் ஃபால்ஸ் சீலிங், உள்ளே மறைந்த விளக்கு. கடல் பக்கச் சுவரை ஒட்டிக் கட்டில், அந்தச் சுவரில் அலை போட்ட வால்பேப்பர். போட்டோவில் அள்ளும்! ஒவ்வொன்றிலும் ஒரு துண்டும் ஒரு கீலும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், தொட்டுப் பார்.

உனக்கு எலும்பு, எனக்குப் பலகை. அவரவர் தொழிலில் அடுத்தவர் மூக்கை நுழைக்காமல் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். என் மேற்பார்வையாளர் அளவெடுக்க வருவார். நல்ல மனிதர், எதிர்த்துப் பேசமாட்டார்.

பாசத்துடன்,
தம்பி


பிப்ரவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

நலம், இருமல் தவிர. நீங்கள் மூவரும் நலமா? குட்டிக்குப் பல் விழுந்ததா?

உன் மேற்பார்வையாளர் வந்தார். எதைக் கேட்டாலும் "சரிங்கம்மா" என்கிறார். "இந்தச் சுவர்ல ஈரம் இறங்குதுங்க" என்றேன். "சரிங்கம்மா." "இதுல அலமாரியைச் சேர்த்து அடிச்சா பின்னால பூசணம் பிடிக்குமே?" "சரிங்கம்மா." அம்மா கட்டிலில் இருந்து, "ஏம்பா, வீடு இடிஞ்சா?" என்று கேட்டாள். அதற்கும் சரிங்கம்மா. இப்போது இந்த வீட்டில் அவருக்கு அதுதான் பெயர்.

நீ அனுப்பிய துண்டுகளைத் தொட்டுப் பார்த்தேன். தொட்டால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது. அதனால் துளை போட்டு, கயிறு கட்டி, அம்மா அறையின் கடல் பக்க ஜன்னலில் தொங்கவிட்டிருக்கிறேன். பக்கத்தில் நம் பழைய ஜன்னல் சட்டத்தில் ஒரு துண்டு, ஒரு கருங்கல் சில்லு, ஓரம் அடைத்த, தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட் ஒன்று, ஒரு பித்தளைக் கீல். காற்று அடித்தால் எல்லாம் ஒன்றோடு ஒன்று மோதுகின்றன. அம்மா, "கடை வெச்சிருக்கா" என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வரைபடத்தை மேசைமேல் விரித்து வெகுநேரம் பார்த்தேன். முன்னறையில் இரண்டு சோபாவும் ஒரு சாவி மாட்டும் பலகையும் போட்டிருக்கிறாய். என் மேசை இல்லை. நடையில் கம்பி இல்லை. மூன்று படுக்கையறையிலும் ஒரே மாதிரிக் கட்டில், ஒரே மாதிரிக் கண்ணாடி, பெட்டி வைக்கத் தாழ்வாக ஒரு மேடை. துணி வைக்க இரண்டு கை அகலம். நாங்கள் என்ன, நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறவர்களா?

மேசை எங்கே வரும் என்று எழுது.

அன்புடன்,
அக்கா


மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பல் விழுந்துவிட்டது, பேசினால் காற்றுதான் வருகிறது.

ஜன்னலில் தொங்கவிட்டாயா! சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. அக்கா, இதெல்லாம் நாங்கள் செய்து பார்க்காமலா கொடுப்போம்? அதே பார்ட்டிகிள் போர்டில் ஓரம் ஒட்டிய ஒரு துண்டை வாளித் தண்ணீரில் ராத்திரி முழுக்கப் போட்டேன். எடுத்து வெயிலில் வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

கம்பி பற்றிக் கேட்டாய். அது இருந்தால் வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். அம்மா இங்கே வந்தால் டைல்ஸ் தரை, ஒரே மட்டம், கம்பியே வேண்டாம். இந்த ஊர்க் காற்றில் துணி ஒரு மணி நேரத்தில் காய்கிறது. அவள் நெஞ்சுக்கும் நல்லது.

வரைபடத்துக்குச் சரி என்று ஒரு வார்த்தை எழுது, ஆள் அனுப்புகிறேன்.

பாசத்துடன்,
தம்பி


ஏப்ரல் 20

தம்பிக்கு,

நலம் விசாரித்ததாக எடுத்துக்கொள்.

நீ செய்த சோதனையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டு வெயிலில் காயவைப்பது, துணி துவைக்கிறவர்கள் செய்கிற வேலை. உன் ஊரில் வெயிலும் காய்ந்த காற்றும் சேர்ந்து உன் பலகையைக் காப்பாற்றிவிட்டன. இங்கே எதுவும் காய்வதே இல்லை, அதுதான் சங்கதி. காற்றே ஈரம், அந்த ஈரத்தில் உப்பு. நீ இந்த வீட்டில்தான் பிறந்தாய். உன் பள்ளிக்கூட ஷூவை அடுப்புப் பக்கத்தில் வைத்துக் காயவைத்தது நான். இதை நான் உனக்கு எழுத வேண்டியிருக்கிறதே என்றுதான் எரிகிறது.

ஜன்னலில் நடந்ததைக் கேள். பார்ட்டிகிள் போர்டு, கயிற்றுக்காக நான் துளை போட்ட இடத்தில் ஈரம் குடித்து, புளித்த மாவு மாதிரி உப்பிவிட்டது. கீல் மாட்டத் திருகாணி முடுக்கினாலும் அதே மாதிரித் துளைதான் விழும். மைக்கா ஓரத்தில் வாயைப் பிளந்திருக்கிறது. நீ அனுப்பிய கீலிலிருந்து பழுப்பாகக் கண்ணீர் ஒழுகியிருக்கிறது. சீலிங் துண்டில் என் கட்டைவிரல் பதிகிறது. வால்பேப்பர் முன்பக்கம் அலை, பின்பக்கம் கறுப்புப் புள்ளி. பழைய ஜன்னல் மரம் அப்படியே இருக்கிறது. கல்லுக்கு ஒன்றும் இல்லை. பிளைவுட் ஓரம் அடைத்ததால் தப்பித்தது. பித்தளை பச்சை பூத்தது. துணியால் ஒரு தேய் தேய்த்தேன், பளிச்சென்று சிரித்தது.

ஊதிய துண்டை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். உன் ஆபீஸ் மேசைமேல் வை.

அம்மா இருமி இருமி விலா வலிக்கிறது என்கிறாள். இரண்டே கேள்வி. நீ சொல்கிற பொருள் எத்தனை வருஷம் உழைக்கும்? என் மேசை எங்கே?

அக்கா


மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கோபப்படாதே.

நீ அனுப்பிய துண்டைப் பார்த்தேன். நீ சொல்வது தப்பில்லை. மரைன் பிளைவுட், கல், பித்தளை எல்லாம் நல்ல பொருள்தான், ஒரு குடும்பம் இருபது வருஷம் புழங்குகிற வீட்டுக்கு. நமக்கு இரண்டு சீசன் தாங்கினால் போதும். அதற்குப் பிறகு எப்படியும் புது டிசைன் மாற்றத்தான் வேண்டியிருக்கும். தொழிலில் இது வழக்கம்.

அம்மாவுக்கு இங்கே அறை தயார். ஜன்னல் பக்கம் கட்டில் போட்டுவிட்டோம். ஜூன் மாதத்தில் காரோடு வருகிறேன்.

பாசத்துடன்,
தம்பி


மே 8

வீட்டுக்கு ஏதடா சீசன்?

எனக்கு மழைக்காலம் தெரியும், வெயில்காலம் தெரியும். சீசன் என்பது லாட்ஜ் நடத்துகிறவன் வாயில் வருகிற வார்த்தை. சாவி மாட்டும் பலகை, பெட்டி வைக்கும் மேடை, போட்டோவில் அள்ளும் சுவர். நான்கு மாதமாக நீ எனக்கு எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

அம்மாவுக்கு உன் வீட்டில் அறை தயார். வருகிறவன் போகிறவனுக்கு இங்கே அறை தயார். நான்?

பதில் எழுது.


ஜூன் 19

தம்பிக்கு,

நீ பதில் எழுதவில்லை. லாரியை அனுப்பினாய்.

காலையில் ஒரு நோயாளியின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கொத்தனார் அவர், சாரத்திலிருந்து விழுந்து கை தூக்க முடியாதவர். வாசலில் லாரி பின்வாங்குகிற சத்தம். சரிங்கம்மா இறங்கினார், பின்னால் நான்கு ஆட்கள். பலகைகளையும் கட்டில்களையும் தெருவில் அடுக்க ஆரம்பித்தார்கள்.

"யாரைக் கேட்டு இறக்குறீங்க?"

"சார் சொன்னாருங்கம்மா. முதல்ல முன்ரூம் காலி பண்ணணுமாம். அந்த மேசையை எங்க வைக்கட்டும்?"

நோயாளி மேசைமேலேயே படுத்திருக்கிறார். "என்னையும் சேர்த்தா தூக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

அப்போதுதான் லாரிக்குள் சாய்த்து வைத்திருந்த பலகையைப் பார்த்தேன். நீலத்தில் வெள்ளை எழுத்து. 'கடலோர இல்லம். தங்கும் அறைகள். நடந்தால் அலை.' கீழே உன் போன் நம்பர். அதை மட்டும் நல்ல தகட்டில் செய்திருக்கிறாய், துருப்பிடிக்காத தகட்டில். இந்த வீட்டுக்கு நீ வாங்கியதில் மழையைத் தாங்கக்கூடிய ஒரே பொருள் அதுதான்.

நான் கத்தினேன். தெரு முழுக்க எட்டிப் பார்த்தது. எனக்கு வெட்கமாக இல்லை. "எல்லாத்தையும் ஏத்துங்க. ஒரு ஆணி இந்த வாசப்படியைத் தாண்டினாலும் நான் மனுஷியா இருக்கமாட்டேன்." அவர் சரிங்கம்மா என்று சொல்லாமல் போனை எடுத்து உன்னைக் கூப்பிட்டார். நீ எடுக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சத்தம் கேட்டு அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்துவிட்டாள். தனியாக அவ்வளவு தூரம் அவள் வந்ததே இல்லை. நிலைப்படியைப் பிடித்து நின்று, மூச்சு வாங்கி, பெயர்ப் பலகையை எழுத்து எழுத்தாகப் படித்தாள். பிறகு சரிங்கம்மாவைப் பார்த்து, "ஏத்து" என்றாள். அவர்கள் ஏற்றி முடிக்கும்போது, "ஒரு கட்டில் இருக்கட்டும்" என்றாள். எதற்கு என்று கேட்டேன், சொல்லவில்லை. எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. பிள்ளை அனுப்பியது என்பதால் ஒன்றையாவது வைத்துக்கொள்ளும் ஆசை என்று நினைத்தேன். பார்ட்டிகிள் போர்டு கட்டில் ஒன்று உன் பழைய அறையில் கிடக்கிறது.

எதையும் என் முகத்தைப் பார்த்துச் சொல்ல உனக்குத் துணிச்சல் இல்லை. வரைபடத்தில் அழித்துக் காட்டினாய். ஒரு மனுஷியை ரப்பரால் அழிக்க முடியும் என்று எந்தக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள்?

அக்கா


ஜூலை 2

அக்காவுக்கு,

எல்லோர் எதிரிலும் என் ஆளை அவமானப்படுத்தி அனுப்பிவிட்டாய். சந்தோஷமா?

ஆமாம், லாட்ஜ்தான். அதில் என்ன பாவம்? பக்கத்துத் தெருவில் பாதி வீடு அப்படித்தான் ஆகிவிட்டது. உனக்கு ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு சின்ன வீடு வாடகைக்குப் பார்க்கலாம் என்று இருந்தேன். நீ ஒற்றை ஆள், எங்கே இருந்தாலும் பிழைத்துக்கொள்வாய். சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ இப்படிக் குதிப்பாய் என்று தெரிந்துதான் சொல்லவில்லை.

நீ ஒன்றை யோசித்துப் பார்த்தாயா? எனக்கும் அவள்தான் அம்மா. பக்கவாதம் வந்த அன்று நான் வந்து சேர்ந்தபோது நீ எல்லாவற்றையும் முடித்துவிட்டிருந்தாய். டாக்டர் உன்னிடம்தான் பேசினார். மாத்திரை உனக்குத்தான் தெரியும். நான் விருந்தாளி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவளை நீ மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? அந்த ஈர வீட்டில் இருமவைத்துக்கொண்டு என்னைக் குற்றம் சொல்கிறாய்.

வீடு அம்மா பெயரில் இருக்கிறது. இத்தனை எழுதினாயே, ஒரு தடவையாவது அம்மாவிடம் கேட்டாயா, அவளுக்கு எங்கே இருக்க வேண்டும் என்று?

தம்பி


ஆகஸ்ட் 23

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்று அதைக் கிழித்திருப்பேன். கடைசிக் கேள்வி தடுத்தது. நான் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. நாம் இருவரும் பலகையைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அதனால் ஒரு வரி விடாமல் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்ததாக நீ எழுதிய இடத்தில் அவள் அழுதாள். 'ஒற்றை ஆள்' என்ற இடத்தில் என் கையைத் தட்டி நிறுத்தச் சொன்னாள். மறுபடி படிக்கச் சொன்னாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஒரு வாரம் என்னோடும் பேசவில்லை. அந்த ஒரு வாரம் நான் எந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதுவும் உனக்குத் தெரியட்டும்.

எட்டாம் நாள், "கொத்தனாரைக் கூப்பிடு" என்றாள்.

அவருக்கு இப்போது கை தலைக்கு மேல் போகிறது. ஊறிய அலமாரியைப் பிடுங்கி எரித்தோம். அம்மா அறையின் கடல் பக்கச் சுவரில் உப்பேறிய பூச்சைக் கொத்தி எடுத்து, சுண்ணாம்பு பூசினோம். அந்தச் சுவரோடு எதையும் ஒட்டி வைப்பதில்லை, கட்டிலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஆள் நடக்க இடம். புது அலமாரிக்குத் தட்டுகள் கருங்கல். உள்சுவரில் பதித்தாயிற்று. "கல்லு அலமாரின்னா துணியெல்லாம் ஜில்லுன்னு இருக்குமேம்மா, போட்டா தூக்கிவாரிப் போடும்" என்று அவர் முணுமுணுத்தார். "போடட்டும், எழுந்திருப்பேன்" என்றாள் அம்மா. பின்கட்டின் பழைய கதவுகளை அறுத்து, காற்று போகச் சட்டம் சட்டமாக அடித்து அலமாரிக்குக் கதவு. மேலே சீலிங் இல்லை, உயரம் அப்படியே.

நடையில் கம்பியை மாற்றிப் பித்தளைக் குழாய் போட்டிருக்கிறேன். பித்தளைத் தாங்கிகளைச் சுவருக்குள் ஒரு சாண் செருகி சிமெண்ட் வைத்தாயிற்று. எடுக்க வேண்டுமென்றால் சுவரை உடைக்க வேண்டும். வேண்டுமென்றேதான். அம்மா கை படுகிற இடம் பளபளவென்று இருக்கிறது. அதைத் தாண்டி வாசல் பக்கம் மட்டும் பச்சை பூக்கிறது. அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வருகிறது.

இருமல் நின்றுவிட்டது. டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துவிட்டு ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடி வைத்தார்.

என் கோபம் நிற்கவில்லை. நிற்கும் என்று நான் சொல்லப்போவதும் இல்லை.

அம்மா உனக்குத் தானே எழுத வேண்டும் என்கிறாள். இடது கையால். பேச வராதது எழுத வருகிறது. நான் திருத்தவில்லை.

அக்கா


கண்ணு,

நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இரு. கொள்ளுப்பேரன் வரைக்கும் பார்.

எனக்கு வாய்தான் கோணல். புத்தி நேராத்தான் இருக்கு. என்னை எங்க வைக்கிறதுன்னு ரெண்டு பேரும் கடுதாசி போட்டுக்கிறீங்க. நான் என்ன பீரோவா?

உன் வீட்டுக்கு வரேன். பேத்தியோட பொக்கை வாயைப் பார்க்கணும். வந்துட்டு என் வீட்டுக்குத் திரும்பிடுவேன். நீ நாற்காலில உக்காந்திருந்தது எனக்குத் தெரியும். கண்ணு திறக்க முடியலையே தவிர, நீ என் காலைப் பிடிச்சிருந்தது தெரியும்.

அக்கா மேசை முன்ரூம்லதான். நான் இருக்கிறவரைக்கும்னு கணக்குப் போடாதே. நான் போன பின்னாலயும் அங்கதான். ஒற்றை ஆள்னு எழுதினியே, அந்த வார்த்தையை அவகிட்ட வந்து திரும்ப வாங்கிக்க. அதுவரைக்கும் எனக்கும் உன்மேல கோபம்தான்.

மழைக்கு வா. ஒரு மழை முழுசும் இருக்கணும். உனக்காக அந்தக் கட்டில் ஒண்ணை எடுத்து வெச்சிருக்கேன். உன் பழைய ரூம்ல கடல் பக்கச் சுவரை ஒட்டிப் போடச் சொல்லியிருக்கேன், உன் வரைபடத்துல இருக்கிற மாதிரியே.

படுத்துப் பாரு.

அம்மா